தீர்த்தன் ட்ராட் ஃப்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவது ஏன்

அக்டோபரில் மூன்று நாள் இமாசலத்தின் தீர்த்தன் ஆற்றில் நின்றும், ட்ராட் மீன் கிட்டே வந்து ஃப்ளையை (பூச்சி மாதிரி கட்டிய தூண்டில் முள்) பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஃப்ளை மேல் பழி போடாதீர்கள். மழை முடிந்து தண்ணீர் வற்றி, கூழாங்கல்லை எண்ணுகிற அளவுக்குத் தெளிந்திருக்கும் நேரம் அது, உங்கள் ஏழரை அடி லீடர் (கயிற்றையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நரம்பு) மீனுக்கு நன்றாகவே தெரியும். 12 அடியாக்குங்கள், நுனியில் 5 எக்ஸ் அல்லது 6 எக்ஸ் டிப்பெட் (லீடரின் கடைசித் துண்டு, எக்ஸ் எண் கூடக் கூட மெலிவு), ஃப்ளை 16, 18 அளவில் (எண் கூடினால் ஃப்ளை சிறிது).

அதைவிட முக்கியம் இழுவை. நடு ஓட்டம் வேகம், பாறை ஓரம் மெதுவு, குறுக்கே விழுந்த கயிறு வில்லாக வளைந்து ஃப்ளையைச் சரட்டென்று இழுக்கும், நிஜப் பூச்சி அப்படிப் போகாது. வீசியதும் கயிற்றை மட்டும் தூக்கி ஓட்டம் வரும் பக்கமாகப் போடுங்கள், ஃப்ளை அசையக்கூடாது.

மீன் ஓட்டத்துக்கு எதிராகத்தான் முகம் வைத்து நிற்கும், அதனால் ஓட்டம் போகும் பக்கமிருந்து, அதன் முதுகுப்புறமாக, குனிந்து போங்கள். நான் ஒருமுறை வெள்ளைத் தொப்பியோடு பாறை மேல் ஏறி நின்றேன், மடு முழுக்கக் காலி.

விடியற்காலையில் போய் நடுங்க வேண்டாம், வெயில் தண்ணீரில் விழுந்தபின் பதினொன்றிலிருந்து மூன்று வரை போதும். மீன் மேலே எழாவிட்டால் சின்ன நிம்ஃபை (நீருக்கடியில் வாழும் இளம்பூச்சி மாதிரியான ஃப்ளை) ஆற்றுத் தரையோடு உருளவிடுங்கள்.

சரளையில் கழுவிவிட்ட மாதிரி வெளிறிய திட்டு தெரிந்தால் மிதிக்காதீர்கள், பிரவுன் ட்ராட் முட்டையிடும் இடம். நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை இமாசலத்தில் ட்ராட் பிடிக்கத் தடை, அது தொடங்கும் முன் போய்விட்டு வாருங்கள்.