அமைதிப் பேச்சுவார்த்தையில் கையெழுத்துப் போடலாமா?

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தன் பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன். கடிதத்தின் சாரம் இது:

“ஐயா, எங்கள் ஊர் அய்யனாருக்குப் புரவியெடுப்பு (மண்குதிரை செய்து ஊர்வலமாக எடுத்துப் போகும் விழா) வருகிறது. எங்கள் ஆதிதிராவிடர் தெருவில் எந்தக் காலத்திலும் திருவிழா வரி வாங்கியதில்லை. ‘வரி கொடுக்காதவனுக்கு என்ன உரிமை’ என்றும் ஊர்க்காரர்களே கேட்பார்கள். இந்த வருஷம் நாங்களும் ஒரு குதிரை வைக்கிறோம் என்று குதிரை செய்யும் வேளாரிடம் பிடிமண் (செய்யச் சொல்லிக் கொடுக்கும் கைப்பிடி மண்) கொடுக்கப் போனோம். ஊர் உத்தரவு இல்லாமல் செய்ய மாட்டேன் என்றார். இரண்டு நாள் கழித்து ஊர்க் கூட்டம். மறுநாளிலிருந்து மளிகைக் கடையில் சாமான் இல்லை, அறுப்பு மெஷின் எங்கள் வயலுக்கு வராது, சலூனில் உட்கார விடுவதில்லை. ஸ்டேஷனில் புகார் கொடுத்தோம், சி.எஸ்.ஆர். கொடுத்தார்கள். இப்போது தாலுகா ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் பிரச்சினை முடிந்துவிடும் என்கிறார்கள். போடலாமா? அப்பா பயப்படுகிறார். நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன், லீவு முடிகிறது.”

தம்பி, போடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகல் உங்கள் கைக்கு வரும்வரையாவது போடாதீர்கள். கூட்டத்துக்குப் போகலாம், போவது நல்லது. வராமல் இருந்தால் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிவிடுவார்கள். ஆனால் கூட்டத்துக்குப் போவது வேறு, கூட்டத் தீர்மானத்தில் கையெழுத்துப் போடுவது வேறு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். வக்கீல் தொழிலுக்கு வந்த புதிது. இதே சிவகங்கைச் சீமையில் வேறொரு ஊரில் திருவிழாத் தகராறு. எங்கள் தரப்பு ஆட்களோடு நானும் அலுவலகத்துக்குப் போனேன். மத்தியானம் இரண்டு மணி, யாரும் சாப்பிடவில்லை. ஒன்றரைப் பக்கத் தீர்மானத்தை வேகமாகப் படித்தார்கள். “இரு தரப்பினரும் அமைதி காத்து, மாமூல்படி திருவிழாவை நடத்திக்கொள்ளச் சம்மதிக்கிறார்கள்.” நல்ல வார்த்தையாகத்தான் காதில் விழுந்தது. பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு அந்தத் தாளைத்தான் நீட்டியது: ‘மாமூல் என்றால் இவர்கள் வாசலுக்கு வெளியே நிற்பது. அதற்கு இவர்களே சம்மதித்திருக்கிறார்கள்.’ ‘மாமூல்படி’, ‘வழக்கப்படி’, ‘முன்னோர் காலத்து நடைமுறைப்படி’ ஆகிய மூன்றையும் எங்கே பார்த்தாலும் பேனாவை மூடிவிடுங்கள். நீங்கள் எதிர்த்துக் கேட்பதே அந்த வழக்கத்தைத்தானே.

அலுவலகத்தை நான் குறை சொல்லவில்லை. வட்டாட்சியருக்குத் திருவிழா அடிதடி இல்லாமல் முடிய வேண்டும். உங்களுக்குக் கடையில் அரிசி கிடைக்க வேண்டும், அய்யனாருக்குக் குதிரை வைக்க வேண்டும். அவருடைய வேலை முடிந்தால் உங்களுடையதும் முடிந்தது என்று ஆகாது.

அப்புறம் அந்த சி.எஸ்.ஆர். அது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது, அவ்வளவுதான். அதை வைத்து யாரையும் விசாரணைக் கூண்டில் ஏற்ற முடியாது. உங்கள் விஷயத்தில் சி.எஸ்.ஆரோடு நிறுத்துவதற்குச் சட்டத்தில் இடமில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் சேர்த்த 18-ஏ பிரிவு, எஃப்.ஐ.ஆர். போட முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2020-ல் அதை உறுதி செய்தது. இப்போது நிலையங்களில் புதிதாக ஒரு பதில் சொல்கிறார்கள்: ‘புதுச் சட்டப்படி 14 நாள் விசாரித்துவிட்டுத்தான் போடுவோம்.’ மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அப்படி ஒரு வசதி கொடுத்திருப்பது உண்மை. ஆனால் வன்கொடுமைச் சட்டம் சிறப்புச் சட்டம். 18-ஏ இருக்கும்போது அந்த 14 நாள் இங்கே செல்லாது. பிரிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், எண் சொன்னால் குரலின் தொனி மாறும்.

நம் பக்கத்தில் எல்லாரும் ‘பி.சி.ஆர். கேஸ்’ என்றுதான் சொல்கிறோம். பி.சி.ஆர். என்பது 1955-ஆம் வருஷத்துக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தண்டனை குறைவு. உங்கள் மனுவில் முதலில் வர வேண்டியது 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அதில் 2015 திருத்தத்தில் சேர்த்த 3(1)(இசட்.சி) என்ற உட்பிரிவு சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் தனிக் குற்றமாக்கியது. விதிப்பவருக்கும் விதிப்பேன் என்று மிரட்டுபவருக்கும் ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை. கூலிக்கு வர மறுப்பது, வியாபாரம் செய்ய மறுப்பது, வழக்கமான சேவையை நிறுத்துவது எல்லாம் இதற்குள் வரும். உங்கள் கடை, மெஷின், சலூன் மூன்றும் அடங்கிவிட்டன. கோயில் விஷயம் அதற்கு முந்திய (இசட்.ஏ) உட்பிரிவு: பொது வழிபாட்டு இடத்தில் நுழைவதையும், ஊர்வலத்தில் கலந்துகொள்வதையும் தடுப்பது.

அந்த (இசட்.ஏ) உட்பிரிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் மாவட்டத்துப் பழைய கதை ஞாபகம் வரும். பொதுக் கிணறு, சுடுகாடு, சைக்கிள் ஓட்டுவது, செருப்புப் போடுவது, புதுத்துணி உடுத்துவது என்று பட்டியல் போகிறது. டெல்லியில் உட்கார்ந்துகொண்டு யாருக்கு இதெல்லாம் தோன்றியது என்று நினைப்பீர்கள். 1930 டிசம்பரில் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள் மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்க நகை கூடாது, சட்டை பனியன் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, கிராப்பு வெட்டக் கூடாது, மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது, குடையும் செருப்பும் கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் அதன் ஆணையர் ஹட்டன் இதைப் பதிவு செய்தார். அம்பேத்கரும் எடுத்துக் காட்டியிருக்கிறார். செட்டிநாடு என்றால் மாளிகையும் ஆத்தங்குடிக் கல்லும் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, மனு எப்படி எழுதுவது? இங்கேதான் முக்கால்வாசி வழக்கு கெட்டுப் போகிறது. யாரோ ஒருவர் எழுதிக் கொடுக்கும்போது, பலமாக இருக்கட்டும் என்று ‘சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுவார். உங்களைத் திட்டினார்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. நடக்கவில்லை என்றால் எழுதாதீர்கள். திட்டியதை நிரூபிக்க, அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்தது என்றும் காட்ட வேண்டும். குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரி உடைந்தால் உண்மையான மற்ற வரிகளையும் இழுத்துக்கொண்டு விழும். புறக்கணிப்புக்கு யாரும் யாரையும் திட்டியிருக்க வேண்டியதில்லை, புறக்கணித்ததே குற்றம்.

இன்னொன்று, ‘ஊரார் எங்களை ஒதுக்கி வைத்தார்கள்’ என்று எழுதாதீர்கள். ஊரார் என்று ஒரு ஆள் கிடையாது. கூட்டம் எங்கே, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, யார் பேசினார்கள், யார் முடிவு சொன்னார்கள் என்று பெயர் பெயராக எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு சுற்றியிருந்தால் (எல்லா ஊரிலும் யாராவது ஒருவர் போட்டிருப்பார்) அது முதலில் வந்த போனைப் பத்திரமாக வையுங்கள். அழிக்க வேண்டாம், போனை மாற்றவும் வேண்டாம். நீதிமன்றத்தில் அதற்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும், அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

வேளாரைக் குற்றவாளியாகச் சேர்க்காதீர்கள். கடைக்காரரையும் அவசரப்பட்டுச் சேர்க்க வேண்டாம். புறக்கணிப்பை விதித்தவர் யார் என்பதுதான் உங்கள் கேள்வி. ‘ஊர் உத்தரவு இல்லாமல் செய்ய மாட்டேன்’ என்று வேளார் சொன்னதே உங்களுக்குச் சாதகமான சாட்சியம். உத்தரவு என்று ஒன்று இருப்பதை அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். அவரும் அதே ஊரில் பானை விற்றுப் பிழைக்க வேண்டியவர்தான்.

சாட்சியத்துக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு ஊரில் ஒரு அம்மா நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தார்: “புதன். காலை. அரைக் கிலோ சீனி கேட்டேன். இல்லை என்றார். பின்னால் வந்தவருக்கு நிறுத்தார்.” அடுத்த பக்கத்தில், காரைக்குடிக்குப் போய்ச் சீனி வாங்கி வந்த டவுன் பஸ் டிக்கெட் ஒட்டியிருந்தது. பெண்களுக்குக் கட்டணம் இல்லாத டிக்கெட்தான், ஆனால் தேதி இருந்தது. பதினாறு டிக்கெட். பக்கம் பக்கமாக நாம் எழுதும் மனுவைவிட அந்த நோட்டுதான் விசாரணை அதிகாரியை நிமிர்ந்து உட்கார வைத்தது. உங்கள் தெருவிலும் இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

நிலையத்தில் வாங்க மறுத்தால் மனுவை ஸ்பீடு போஸ்ட்டில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள். அதுவும் நகரவில்லை என்றால் நீதிமன்றம். கடமையைச் செய்யாத அதிகாரிக்கே 4-ஆவது பிரிவில் தண்டனை உண்டு. எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி. எஸ்.ஐ. வந்து வாக்குமூலம் எழுதினால் மரியாதையாகக் கேளுங்கள். 60 நாளில் விசாரணை முடித்துக் குற்றப்பத்திரிகை போட வேண்டும். மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமை குறைதீர் நாளில் ஒரு நகல் கொடுங்கள். அவர்தான் மாவட்ட விழிப்புக் கண்காணிப்புக் குழுவுக்குத் தலைவர். புறக்கணிப்பு வழக்கில் நிவாரணம் என்பது பணம் மட்டுமில்லை, நிறுத்திய சேவைகளை மற்றவர்களுக்குப் போல மீண்டும் கிடைக்கச் செய்வதும் அரசின் பொறுப்பு என்று விதிகளின் அட்டவணையிலேயே இருக்கிறது. இதை மனுவில் தனியாகக் கேளுங்கள், பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அவசரத்துக்கு 14566 என்ற இலவச எண், வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100.

உங்கள் தெருவில் கிறித்தவக் குடும்பங்கள் இருந்தால் ஒரு விஷயம். சட்டப்படி அவர்கள் பட்டியல் சாதியில் வரமாட்டார்கள், அதனால் 1989 சட்டம் அவர்களுக்குக் கைகொடுக்காது. அநியாயம்தான், ஆனால் இன்றைய நிலை அதுதான். புகார்தாரர் சாதிச் சான்றிதழ் உள்ளவராக இருக்கட்டும், அவர்கள் சாட்சியாக இருக்கலாம்.

அப்பாவின் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் வயதுக்காரர்களுக்கு 1979 உஞ்சனை நன்றாக நினைவிருக்கும். கோயில் விழா உரிமைத் தகராறில் ஐந்து பேரைக் கொன்றார்கள். அதனால் பாதுகாப்பு கேட்டு எழுத்தில் கொடுங்கள். சாட்சிகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் பாதுகாப்பு தருவது 15-ஏ பிரிவில் அரசின் கடமை. ‘கேஸ் போட்டால் என்ன ஆகப் போகிறது’ என்று அப்பா கேட்டால், 2018 கச்சநத்தம் கொலை வழக்கில் 2022-ல் சிவகங்கை சிறப்பு நீதிமன்றம் 27 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்ததைச் சொல்லுங்கள். தேவகோட்டைப் பக்கத்துக் கண்டதேவியில் தேர் வடம் பிடிக்கும் உரிமைக்கு நடந்த தகராறையும் சொல்லுங்கள். எத்தனை அமைதிக் கூட்டம் போட்டார்கள் அந்தத் தேருக்கு! பல வருஷம் நிலையிலேயே நின்ற தேர், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்ட பிறகு 2024 ஜூனில்தான் பலத்த போலீஸ் காவலோடு ஓடியது.

இப்போது கூட்டத்துக்கு வருவோம். எஃப்.ஐ.ஆர். நகலோடு போனீர்கள் என்றால், தீர்மானத்தை முழுதாக வாங்கி நீங்களே படியுங்கள். கடை திறக்கும், மெஷின் வரும், நம் தெருவுக் குதிரையும் மற்றக் குதிரைகளோடு சேர்ந்து போகும் என்று தேதி போட்டு எழுதியிருந்தால் கையெழுத்துப் போடலாம். பக்கத்தில் உங்கள் கைப்பட ஒரு வரி எழுதுங்கள்: ‘இது எங்கள் புகார் மீதான வழக்கைப் பாதிக்காது.’ எழுத விடவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இந்தக் குற்றங்கள் பேசி முடித்துக்கொள்ளக்கூடியவை அல்ல. தாலுகா ஆபீசில் போடும் கையெழுத்தால் வழக்கு தானாக முடிந்துவிடாது. இரு தரப்பையும் கூப்பிட்டு ஜாமீன் பத்திரம் எழுதி வாங்கும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் ‘107’ஐ (புதியதில் 126) காட்டி மிரட்டினாலும் பதற வேண்டாம்.

கடைசியாக, லீவு முடிகிறது என்கிறீர்கள். அதனால் நீங்கள் புகார்தாரராக இருக்க வேண்டாம். கடையில் சாமான் இல்லை என்று திருப்பி அனுப்பியது யாரை? அம்மாவை என்றால் அம்மாதான் புகார்தாரர். எழுதத் தெரியாது என்றால் பரவாயில்லை. அவர் வாயால் சொல்லச் சொல்ல நிலையத்தில் எழுதிக்கொள்ள வேண்டும், எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும், நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். படித்துக் காட்டாமல் எதிலும் ரேகை வைக்க வேண்டாம் என்று பஸ் ஏறுவதற்கு முன்னால் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.