யெஷூட்டேயின் மோதிரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இடைக்கால ஜெர்மன் கவிஞர் வொல்ஃப்ராம் ஃபான் எஷென்பாக்கின் ‘பார்ட்சிஃபால்’ காவியத்தை ஆங்கில உரைநடையில் படித்து வருகிறேன். கூடாரத்தில் தூங்கும் பெண்ணிடம் நாயகன் மோதிரத்தைப் பிடுங்கும் இடத்தில் சிரிப்பதா பதறுவதா என்றே தெரியவில்லை.

கா.

அன்புள்ள கா.,

இரண்டும்தான், ஆனால் சிரிப்பு முதலில். காட்டில் மறைத்து வளர்த்த மகன் பார்ட்சிஃபாலிடம், கடவுள் பகலைவிட ஒளியானவர் என்று தாய் சொல்லியிருந்தாள். மின்னும் கவசத்தோடு வந்த வீரனைக் கண்டதும் கடவுளென்றே மண்டியிட்டான். நல்ல பெண்ணின் மோதிரம் கிடைத்தால் பெற்றுக்கொள், முத்தமிடு என்றும் சொன்னாள். கூடாரத்தில் தூங்கிய யெஷூட்டேயை வலிந்து முத்தமிட்டு, மோதிரத்தோடு ஆடையில் குத்தும் ப்ரூச்சையும் பிடுங்கிக்கொண்டு, பசிக்கிறது என்கிறான். என்னைத் தின்றுவிடாதீர்கள், அதோ ரொட்டியும் மதுவும் இரண்டு கௌதாரியும் இருக்கின்றன என்கிறாள் அவள்.

மூலத்தில் அவனுக்குரிய சொல் ‘தும்ப்’. அதை ‘முட்டாள்’ என்று படித்தால் காட்சியே கெட்டுவிடும். நம்முடைய ‘பேதை’ பொருந்தும்: அறிவில்லாதவன் அல்லன், உலகம் அறியாதவன். சொன்னதைச் சொன்னபடி செய்வதுதான் இங்கே நகைச்சுவை.

இது 3ஆம் பகுதி. உடனே 5ஆம் பகுதிக்குப் போங்கள். அதிகம் கேள்வி கேட்காதே என்று அவனுக்கு வீரர் நெறி கற்பித்த முதியவர் குர்னெமன்ட்ஸ் சொன்னதையும் அவன் அப்படியே பிடித்துக்கொள்கிறான். கிரால் என்னும் புனிதப் பொருளைக் காக்கும் கோட்டையில் வலியில் துடிக்கும் அரசனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே பேதைமைதான், இப்போது சிரிக்க முடியாது. வெளியே வந்தால் யெஷூட்டே கந்தல் உடையில், எலும்பும் தோலுமான குதிரையில். கள்ளக்காதலன் வந்துபோனதாக நினைத்துக் கணவன் ஓரிலுஸ் தந்த தண்டனை அது. பார்ட்சிஃபால் அவனை வென்று, அவள் குற்றமற்றவள் என்று புனிதப் பேழைமேல் சத்தியம் செய்து மோதிரத்தைத் திருப்பித் தருகிறான். ப்ரூச்சைத் தர முடியவில்லை. ஒரு மீனவனிடம் இரவு தங்குவதற்காக அதை எப்போதோ கொடுத்துவிட்டான்.

உரைநடையில் நழுவிப்போவது கதைசொல்லியின் குறுக்குப் பேச்சு. முற்றுகையில் பட்டினி கிடக்கும் பெல்ராப்பெய்ரே நகரில் ‘ட்ரூயெண்டிங்கன் வாணலி’ பலகாரத்தோடு அலறியது அரிது என்கிறார். அது அவர் ஊர்ப்பக்கத்து ஊர்; எண்ணெயில் பொரியும் மாவின் சத்தம் கேட்டவர்களுக்கான சிரிப்பு. என் வீட்டு எலிக்கும் அதே கதிதான் என்று தொடர்கிறார்.

8ஆம் பகுதியில் காவான் என்ற இன்னொரு வீரன் சதுரங்கப் பலகையைக் கேடயமாகப் பிடிக்க, அரசகுமாரி அன்டிகோனியே காய்களை வீசி எதிரிகளைச் சாய்க்கிறாள். டொல்ன்ஷ்டைன் ஊர்க் கடைக்காரப் பெண்கள்கூட நோன்புக்கு முந்திய திருவிழாவில் இவ்வளவு நன்றாகச் சண்டையிட்டதில்லையாம். சிரித்துக்கொண்டே சில அடிகள் தாண்டினால், அவள் அழுதபடியே போரிடுகிறாள் என்று எழுதியிருக்கிறது.