வாசகர் கேள்வி – பதில்: பேங்க்கார அப்பாவைப் பற்றி என்ன எழுதுவது?

கேள்வி: அப்பா தவறி வரும் மாசியோடு ஓராண்டு ஆகிறது. 1975-ல் யுனைடெட் ஏசியன் பேங்கில் கிளார்க்காகச் சேர்ந்து, பல ஊர் மாறி, கடைசியில் இங்கே குடியேறியவர். திதிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சின்ன நினைவு மலர் போடலாம் என்று இருக்கிறோம். உட்கார்ந்து எழுதினால் 'பாசமிகு தந்தை, கடமை தவறாதவர்' என்பதைத் தாண்டி வரமாட்டேன் என்கிறது. பேங்க் வேலையில் எழுத என்ன இருக்கு, குடும்பத்தைப் பற்றி மட்டும் எழுது என்கிறார் அண்ணன். அப்பாவின் பெட்டியில் பழைய சேமிப்புப் புத்தகங்களும் கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: இந்த ஒரு விஷயத்தில் அண்ணன் பேச்சைக் கேட்காதீங்கம்மா. வேலையை விட்டுவிட்டு அப்பாவை எழுதினால் பாதி ஆள்தான் வருவார்.

சுற்றிலும் ரப்பர் தோட்டமாக இருந்த ஒரு டவுனில், பேங்க் கவுண்டருக்குப் பின்னால் தமிழ் பேசுகிற ஒருவர் உட்கார்ந்திருந்தால் அது எவ்வளவு பெரிய தைரியம் என்று கோலாலம்பூரில் வளர்ந்த உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போய், மதியம் பாலை நிறுத்துக் கொடுத்து, குளித்து நல்ல சேலை கட்டி, பேங்க் மூடுவதற்குள் பஸ் பிடித்து வந்து சேர்கிற பெண்களுக்கு அங்கே நீட்டப்படும் பாரத்தைப் படிக்கத் தெரியாது, கையெழுத்தும் வராது. என் அம்மாவும் அப்படித்தான். கத்தி பிடித்துப் பிடித்துத் தேய்ந்த கட்டைவிரலில் ரேகை சரியாக விழாது. கவுண்டரில் இருந்தவர் துணியால் துடைத்துவிட்டு, மையை மறுபடி ஒற்றி, விரலை மெதுவாக உருட்டி எடுப்பார், பின்னால் வரிசை நீண்டிருந்தாலும் "அவசரமில்லம்மா" என்பார். உங்கள் அப்பா எத்தனை விரல்களை இப்படிப் பிடித்திருப்பார், யோசித்துப் பாருங்கள்!

அவர் சேர்ந்த பேங்கின் கதையையும் ஒரு பத்தி எழுதுங்கள். இந்தியாவில் 1969-ல் பேங்குகள் அரசுடைமை ஆயின. அயல்நாட்டு அரசின் பேங்க் இங்கே தொழில் செய்யக்கூடாது என்று மலேசியச் சட்டம் மாறியதால், இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், இந்தியன் பேங்க், யுனைடெட் கமர்ஷியல் பேங்க் மூன்றின் கிளைகளும் 1973-ல் ஒன்றாகி யுனைடெட் ஏசியன் பேங்க் ஆனது. 1991-ல் அது பேங்க் ஆஃப் காமர்ஸோடு இணைந்தது, இன்றைக்கு சிஐஎம்பி பேங்க். அப்பா அதே கவுண்டரில் இருந்தாலும் தலைக்கு மேலே பெயர்ப்பலகை மாறியிருக்கும், வேலை இருக்குமா இருக்காதா என்று வீட்டில் பேச்சு வந்திருக்கும். அந்த நாட்களைப் பற்றி அம்மாவிடம் கேளுங்கள்.

அப்புறம், சேமநிதி. 1951-லிருந்து இருக்கிற இந்த ஊழியர் சேமநிதிதான் பல தோட்டத்துக் குடும்பங்களுக்கு வாழ்நாளிலேயே ஒரே பெரிய பணம். 55 வயதில் மொத்தமாகக் கைக்கு வரும்போது கூடவே மைத்துனன், மச்சான், கடைக்காரர், நிலம் விற்கிறவர் எல்லாரும் வருவார்கள். 'பாதியை எஃப்டியில் போடுங்க, வெளியில யாருகிட்டயும் சொல்லாதீங்க' என்று மட்டும் சொல்லி அனுப்பிய ஒரு பேங்க்காரரால் பிழைத்த குடும்பங்கள் உண்டு. உங்கள் ஊரில் அப்படி யாராவது இருந்தால் தேடிப் பிடித்து அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

ஆனால் ஒரு எல்லை உண்டு. யாருக்கு எவ்வளவு கடன், யார் கணக்கில் எவ்வளவு இருப்பு என்பதை அப்பா வீட்டில் என்றைக்காவது பேசியிருப்பாரா? பேசியிருக்க மாட்டார். மாலையில் கடைத்தெருவில் அவர்களோடே நின்று தேத்தண்ணி குடித்தும் வாய் திறக்காமல் இருந்தவர் அவர். ஆகவே, சம்பந்தப்பட்டவர் தானே முன்வந்து சொல்லாத எதையும் மலரில் போடாதீர்கள், அது நன்றிக் கதையாகவே இருந்தாலும் சரி.

குடும்பத்தைப் பற்றி எழுதும்போதும் பாசம், தியாகம் என்று எழுதாமல் நடந்ததை எழுதுங்கள். ஒவ்வொரு மாற்றலுக்கும் எத்தனை பள்ளிக்கூடம் மாறினீர்கள், டிசம்பர் 31 கணக்கு முடித்து அவர் வீடு வந்து சேர எத்தனை மணியாகும், அதுவரை சோற்றை மூடிவைத்து யார் விழித்திருந்தது, உங்கள் படிப்புக்காக ஒரு பதவி உயர்வையே வேண்டாம் என்றாரா? கடைசிக் கேள்விக்கு அம்மாவுக்குத்தான் பதில் தெரியும். அவர் நினைவு நன்றாக இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு, போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

சேமிப்புப் புத்தகங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 7 ஆண்டு எந்த வரவு செலவும் இல்லாத கணக்கிலிருக்கும் பணம் உரிமை கோரப்படாத பணமாக அரசாங்கத்துக்குப் போய்விடும், ஆனால் வாரிசுகள் கேட்டு வாங்கலாம். ஜபாத்தான் அக்கௌந்தான் நெகாரா என்கிற அரசாங்கக் கணக்குத் துறையின் இ-குமிஸ் (eGUMIS) இணையத்தளத்தில் அப்பாவின் அடையாள அட்டை எண்ணைப் போட்டுப் பாருங்கள். பணம் இருந்தால் இறப்புச் சான்றிதழையும் வாரிசு ஆவணங்களையும் எடுத்துக்கொண்டு அண்ணனோடு போங்கள். அதற்கு முன், பழைய பேங்க் பெயர் இருக்கிற அட்டையை நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், மலருக்கு ஆகும்.