இட்லியை விட்டேன், தயிரை விட்டேன், அரிப்பு விடவில்லை

கேள்வி: எனக்கு 38 வயது. குரோம்பேட்டையில் வீடு, தி.நகரில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ் வேலை. சுகர் வந்து நாலு வருஷம் ஆகிறது. போன ஆடியிலிருந்து ஐந்து தடவை பிறப்புறுப்பில் அரிப்பு, எரிச்சல், திரிந்த பால் மாதிரி வெள்ளைப்படுதல். ஒவ்வொரு தடவையும் மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை வாங்கிப் போடுவேன், இரண்டு நாளில் அடங்கிவிடும். பிறகு பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்னால் மறுபடி ஆரம்பிக்கும். புளித்த மாவில் ஈஸ்ட் இருக்கிறது, அதுதான் காரணம் என்று வாட்ஸப்பில் வந்தது. அதிலிருந்து இரண்டு மாதமாக இட்லி, தோசை, தயிர், பிரெட், பழம் எதுவும் தொடுவதில்லை. சோறும் மதியம் ஒரு கைப்பிடிதான். காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. போன வைகாசியிலிருந்து கூடவே டாபாகிளிஃப்ளோசின் 10. மூன்று மாத சராசரி சுகர் 8.4. கணவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை, ஆனால் ‘இது உனக்கு எங்கிருந்து வந்தது’ என்று கேட்கிறார். நான் என்ன செய்யட்டும், டாக்டர்?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு மாதங்களின் பெயர் இருக்கிறது. வைகாசியில் புது சுகர் மாத்திரை. ஆடியில் முதல் அரிப்பு. நடுவில் இருப்பது ஆனி ஒன்றுதான். இட்லி மாவை நீங்கள் சின்ன வயதிலிருந்து சாப்பிடுகிறீர்கள், அது திடீரென்று போன ஆடியில் உங்களுக்கு எதிரியாகியிருக்க முடியாது.

டாபாகிளிஃப்ளோசின் ரத்தத்தில் மிஞ்சும் சர்க்கரையைச் சிறுநீரகம் வழியாக வெளியே தள்ளும் மாத்திரை. ஒரு நாளைக்குச் சராசரியாக 70 கிராம் சர்க்கரை சிறுநீரோடு போகிறது, அதாவது பதினைந்து டீஸ்பூன் அளவுக்கு. சிறுநீர் கழித்தபின் தங்கும் நாலு சொட்டிலும் அந்தச் சர்க்கரை இருக்கும். வீட்டில் சர்க்கரை சிந்திய இடத்துக்கு எறும்புக்கு யாரும் முகவரி கொடுப்பதில்லையே! கேண்டிடா என்ற பூஞ்சை ஆரோக்கியமான பெண்களின் குடலிலும் பிறப்புறுப்பிலும் சும்மா குடியிருப்பதுதான். சர்க்கரை கிடைத்தால் பெருகும். எம்பாகிளிஃப்ளோசின் உள்ளிட்ட அந்த மாத்திரைக் குடும்பம் முழுவதற்குமே இந்தப் பக்கவிளைவு உண்டு. பெரும்பாலும் தொடங்கிய முதல் சில மாதங்களிலேயே தலைகாட்டும். 2020இல் டாபாகிளிஃப்ளோசின் காப்புரிமை இந்தியாவில் முடிந்து விலை சரிந்தது. அதன்பிறகு இதே கதையோடு என் அறைக்கு வரும் பெண்கள் அதிகமாகிவிட்டார்கள். அந்தரங்க இடத்தில் அரிப்பு வரலாம் என்பதை மாத்திரை எழுதும்போதே ஒரு வரி சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஆணிடமே சொல்லத் தயங்குகிறார்கள், பெண்ணிடம் யார் சொல்வது!

அதற்காக நாளைக் காலையே அதை நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் மாத்திரை அது, உங்கள் டாக்டர் காரணத்தோடுதான் கொடுத்திருப்பார். அவரிடம் இந்த ஐந்து தடவைக் கணக்கைச் சொல்லுங்கள். வேறு மாத்திரைக்கு மாற்றுவதா, இதையே வைத்துக்கொண்டு பூஞ்சையை அடக்குவதா என்று அவர் முடிவு செய்யட்டும். 8.4 என்பதும் அதிகம்தான். அது இறங்காதவரை எந்தப் பூஞ்சை மருந்தும் பாதி வேலைதான் செய்யும்.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது அரிப்பு அல்ல, அந்த ஒரு கைப்பிடிச் சோறு. டாபாகிளிஃப்ளோசின் எடுத்துக்கொண்டே மாவுச்சத்தை அடியோடு குறைத்தால் உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பித்து, ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறலாம். இதில் மோசம் என்னவென்றால், மீட்டரில் சுகர் 180, 200 என்று வழக்கம்போலவே காட்டும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், சொல்லத் தெரியாத அசதி, இதில் எது வந்தாலும் மீட்டரைப் பார்த்துச் சமாதானம் ஆகாமல் அவசரப் பிரிவுக்குப் போய் ‘நான் இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்று சொல்லுங்கள். சஷ்டி விரதம், ஏகாதசி என்று பட்டினி கிடக்கும் பழக்கம் இருந்தாலும், பேதி காய்ச்சலில் சாப்பிட முடியாமல் போனாலும், அன்றைக்கு இந்த மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இட்லி மாவைப் பொங்க வைப்பது பெரும்பாலும் பாக்டீரியா. தயிரை உறைய வைப்பதும் பாக்டீரியாதான். பிரெட்டில் போடும் ஈஸ்ட் வேறு இனம். உங்களுக்குத் தொந்தரவு தரும் கேண்டிடாவையும் ஈஸ்ட் என்பார்கள், ஆனால் இரண்டுக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே. ‘ஈஸ்ட் இல்லாத உணவு’ சாப்பிட்டு இந்தத் தொற்று நின்றதாக நம்பகமான ஆதாரம் கிடையாது. காலையில் மூன்று இட்லி, சர்க்கரை போடாத தயிர், ஒரு கொய்யா, இவற்றைத் தாராளமாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். குறைக்க வேண்டியது எது என்று கேட்டால், கடையில் நாலு மணிக்கு வரும் டீயில் இருக்கும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, கூடவே வரும் பிஸ்கட், பண்டிகை சீசனில் தொண்டை காய்ந்து வாங்கிக் குடிக்கும் பாட்டில் கூல்டிரிங்க்ஸ். அது பூஞ்சைக்குப் பத்தியம் அல்ல, உங்கள் 8.4க்கான பத்தியம். தயிரைச் சாப்பிடலாம், பிறப்புறுப்புக்கு உள்ளே வைக்கக் கூடாது. பூண்டும் அப்படியே. புண்ணாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது அந்த ஒற்றை மாத்திரை. நீங்கள் வாங்குவது அநேகமாக ஃப்ளுகோனசோல் 150 மில்லிகிராம். எப்போதோ ஒருமுறை வருகிற, சுகர் இல்லாத பெண்ணுக்கு அது ஒன்றே போதும். வருஷத்தில் மூன்று தடவைக்கு மேல் போய்விட்டால் கணக்கு வேறு. ஒரு மாத்திரையின் வீரியம் பிறப்புறுப்பில் மூன்று நாள்போல நிற்கும். அரிப்பு இரண்டு நாளில் நின்றாலும் பூஞ்சை முழுக்கச் செத்திருக்காது. அதனால் முதல் நாள், நாலாம் நாள், ஏழாம் நாள் என்று மூன்று மாத்திரை கொடுத்து அடக்குவோம். பிறகு வாரம் ஒன்று, ஆறு மாதம். ஒரு கிழமையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது மாத்திரை என்று வைத்துக்கொண்ட ஒருவர் ஆறு மாதத்தில் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. ஆறு மாதம் முடித்தபின் பலருக்குத் திரும்ப வரத்தான் செய்கிறது, அதை மறைக்க மாட்டேன். சுகரும் டாபாகிளிஃப்ளோசின் பிரச்சினையும் சரியாகியிருந்தால் அந்த வாய்ப்பு குறையும்.

ஆனால் இதை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். உங்கள் விஷயத்தில் தனிக் காரணம் இருக்கிறது. கல்லீரலில் கிளிமிபிரைடை உடைக்கும் நொதியை ஃப்ளுகோனசோல் தடுத்துவிடும், அதனால் சுகர் சட்டென்று இறங்கலாம். அரை வயிற்றோடு மாம்பலம் ஸ்டேஷன் படி ஏறும்போது கை நடுங்கி, குளிர்ந்து வியர்த்ததுண்டா? அந்த ஐந்து தடவையில் எப்போதாவது நடந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கர்ப்பம் இருக்கலாம் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் ஃப்ளுகோனசோல் வேண்டாம். உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் மாத்திரையை ஏழு இரவு வைப்பதுதான் அப்போது வழி.

பீரியட்ஸுக்கு முன்னால் வருவது ஏன் என்றால், அந்த நாட்களின் ஹார்மோன் நிலை பூஞ்சைக்குச் சாதகமாக இருக்கிறது. ரத்தப்போக்கு ஆரம்பித்ததும் பலருக்குத் தானாகவே தணியும். மாத்திரையால்தான் குறைந்தது என்று நாம் நினைத்துக்கொள்வோம். வாய்வழி மாத்திரையைப் பீரியட்ஸிலும் போடலாம். உள்ளே வைப்பதானால் இரவு படுக்கப் போகும்போது வையுங்கள், போக்கு அதிகமுள்ள நாட்களில் அது கரைந்து வெளியே வந்துவிடும்.

இதைவிட முக்கியமான நேரக் கணக்கு ஒன்று உண்டு. இதுவரை யாரும் உங்களைப் பரிசோதித்ததாகத் தெரியவில்லை. அடுத்த தடவை அரிப்பு ஆரம்பிக்கிற அன்றே, மாத்திரை எதுவும் போடாமல், மகளிர் மருத்துவரிடம் போங்கள். பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்து கல்ச்சருக்கு, அதாவது எந்தப் பூஞ்சை என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பச் சொல்லுங்கள். மாத்திரை போட்டபின் எடுத்தால் ஒன்றும் வளராமல் போகலாம். எழும்பூர் தாய்சேய் மருத்துவமனையிலோ, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலோ காட்டினால் பெரிதாகச் செலவு ஆகாது. சுகர் உள்ளவர்களுக்கு கிளாப்ரேட்டா என்ற கேண்டிடா இனமும் வருவதுண்டு, அது ஃப்ளுகோனசோலுக்கு எளிதில் மசியாது. அதற்கு போரிக் ஆசிட் மாத்திரையை டாக்டர் உள்ளே வைக்கத் தருவார். ஆமாம், கேரம் போர்டில் தூவிய அதே போரிக்தான்! அதற்காகப் பவுடரை வாங்கி நீங்களே முயற்சி செய்யாதீர்கள், வாய்க்குள் போனால் விஷம். மீன் வாடை அடித்தாலோ, பச்சையாக நுரைத்து வந்தாலோ அது பூஞ்சையே அல்ல, மருந்தே வேறு. அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் அடுத்த பீரியட்ஸ்வரை காத்திருக்காதீர்கள்.

மெடிக்கல் ஷாப்பில் மாத்திரையோடு, பூஞ்சை மருந்தும் ஸ்டீராய்டும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த கிரீமும் தந்திருப்பார்கள். இருந்தால் குப்பையில் போடுங்கள். அரிப்பு சீக்கிரம் நிற்கும், பூஞ்சை உள்ளுக்குள் வளரும், தோல் மெலியும்.

உங்கள் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து மணி நேரம் நின்றுகொண்டு, பாத்ரூம் போக யோசித்து, அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் ரங்கநாதன் தெருப் பக்கம் எத்தனையோ பேர். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே திருத்தினார்கள். கழிப்பறைக்குப் போக இன்னும் சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. டாபாகிளிஃப்ளோசினோடு தண்ணீரைக் குறைத்தால் உடம்பு வறண்டுவிடும். தண்ணீர் குடியுங்கள், ஒவ்வொரு தடவை சிறுநீர் கழித்தபின்னும் வெறும் தண்ணீரில் முன்னிருந்து பின்னாகக் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றிக்கொள்ளுங்கள். சோப்பு, டெட்டால், விளம்பரத்தில் வரும் வாஷ் எதுவும் அங்கே வேண்டாம். யூனிஃபார்ம் பாலியஸ்டர் என்றால் உள்ளாடையாவது பருத்தியாக இருக்கட்டும். பையில் மாற்று ஒன்று வைத்திருந்து மதியம் மாற்றிவிடுங்கள். அப்புறம், யார் கண்ணிலும் படக்கூடாது என்று நைட்டிக்கும் துண்டுக்கும் அடியில் மறைத்துக் காயப்போடுவோமே, அந்த ஈரவாடை போகாத ஜட்டிதான் மறுநாள் காலை இடுப்பில் ஏறுகிறது. மொட்டைமாடி வெயிலில் காயட்டும். பக்கத்து வீட்டிலும் ஜட்டி போடுகிறார்கள்.

கணவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இது பால்வினை நோய்க் கணக்கில் வராது. உங்கள் உடம்பில் ஏற்கெனவே இருந்த பூஞ்சைக்கு உங்கள் சிறுநீரிலிருந்தே தீனி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அவருக்குத் தொந்தரவு இல்லாதபோது அவருக்கு மருந்து தேவையில்லை. ஆணுறுப்பின் முன்தோல் சிவந்து, அரித்து, வெடிப்பு விட்டால் மட்டும் காட்டட்டும். கூடவே அவருடைய சுகரையும் பார்த்துவிடலாம். க்ளோட்ரிமசோல் மாத்திரையும் கிரீமும் ஆணுறை ரப்பரைப் பலவீனமாக்கும் என்பதால், வைக்கிற நாட்களில் உறவைத் தள்ளிவையுங்கள். டாக்டரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அவரே டாக்டரிடம் கேட்கட்டும்.