பூட்டிய வீடுகள்

கேள்வி: உத்தரகாண்ட் மலைக் கிராமங்களில் ஜனங்கள் எல்லாம் கீழே இறங்கிவிட்டார்களாமே! காலி ஊர்களுக்கு எதற்கு ரோடும் ஆஸ்பத்திரியும்? அந்தப் பணத்தைச் சமவெளியில் செலவழிக்கலாமே?

பதில்: காலி ஊர் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். ஆளே இல்லாத ஊர்கள் 2011 கணக்கெடுப்பில் ஆயிரத்தைத் தாண்டியது நிஜம். பௌரி, அல்மோரா இரண்டு மலை மாவட்டங்களிலும் அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் ஜனத்தொகை குறைந்தது. அடிவாரத்து உதம்சிங் நகரும் டேராடூனும் முப்பது சதவீதத்துக்கு மேல் பெருத்தன. சரி, ஏன் இறங்கினார்கள்? அரசு அமைத்த இடப்பெயர்வு ஆணையத்தின் 2018 அறிக்கையில் பாதிப்பேருக்குக் காரணம் பிழைப்பு. அடுத்தது பிள்ளைகளின் படிப்பு, அப்புறம் வைத்தியம். எது இல்லாமல் போனார்களோ அதையே, போய்விட்டார்கள் என்று சொல்லி நிறுத்தச் சொல்கிறீர்கள்.

மலையில் ஒரு வீடு பூட்டினால் அது ஒரு வீட்டோடு நிற்காது. வயல்கள் படிப்படியாகக் கல் அடுக்கிக் கட்டியவை. மேல் வயலைப் பார்க்க ஆளில்லை என்றால் மழைக்குக் கல்வரப்பு சரிந்து கீழ்வயலில் விழும். தரிசில் புதர் மண்டும்; புதரில் பன்றி தங்கும்; ராத்திரி அது பக்கத்து வயலைக் கிளறிவிட்டுப் போகும். இருப்பவரையும் இப்படித்தான் விரட்டுகிறது மலை. விரட்டினாலும் போகாமல் நிற்பவர்களில் பெண்களே அதிகம். அல்மோராவில் 2011இல் ஆயிரம் ஆண்களுக்கு 1,139 பெண்கள். புல்லுக்கட்டும் விறகும் சுமந்து சரிவில் ஏறுபவர்கள் அவர்கள்தான். அங்கே ஒருத்திக்குப் பிரசவ வலி கண்டால் ரோடு இருக்கும் இடம் வரை தூக்கித்தான் வரவேண்டும்.

இதில் என்னை அதிகம் உறுத்துவது தொகுதிக் கணக்கு. உத்தரப் பிரதேசத்தோடு இருந்தபோது தலைநகர் லக்னோவுக்கு மலையின் குரல் எட்டவில்லை என்று போராடித்தான் 2000இல் தனி மாநிலம் வாங்கினார்கள். எழுபது சட்டசபைத் தொகுதிகளில் மலைக்கு 40 இருந்தது. தலைக்கணக்குப்படி வரையறுத்ததில் அது 34 ஆனது. சமவெளி 30இலிருந்து 36க்கு ஏறியது. ஆள் குறைந்தால் தொகுதி குறைகிறது, தொகுதி குறைந்தால் கேட்க நாதியில்லை, பள்ளிக்கூடம் மூடுகிறது, இன்னொரு குடும்பம் இறங்குகிறது. தொகுதி வரையறையில் தூரத்தையும் சரிவையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்பதே என் வாதம்.

பௌரியிலும் அல்மோராவிலும் 2011 கணக்கெடுப்பில் எஞ்சியிருந்தவர்கள் 13 லட்சம் பேர். நீங்கள் நிறுத்தச் சொல்லும் ரோடு அவர்களுடையது.