அடி வாங்கித்தான் உருப்பட்டோம் என்று சொல்பவர்கள் யார்?

கேள்வி: "நாங்கள் எல்லாம் அடி வாங்கிப் படித்துத்தான் உருப்பட்டோம். ஆசிரியர் கையிலிருந்த பிரம்பைப் பிடுங்கியதால்தான் இன்றைய பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்" என்கிறார்களே, உண்மையா?

உண்மை இல்லை. நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். ஆசிரியர் அறையிலும் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களிலும் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். சொல்பவர்கள் நல்ல மனிதர்கள்தான், மனதார நம்பித்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் யார் என்று பாருங்கள். படித்து முடித்து, ஒரு வேலையில் உட்கார்ந்து, பழைய நாட்களை நினைத்துப் பேச வாய்த்தவர்கள். பள்ளியில் அவர்கள் வாங்கியது எப்போதாவது ஒன்றிரண்டு அடி. தினமும் வாங்கியவர்கள் ஏழாவது, எட்டாவதோடு நின்று பட்டறைக்கும் மில்லுக்கும் போய்விட்டார்கள். "அடி உங்களை உருப்பட வைத்ததா?" என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

நான் படித்த வகுப்பில் அதிகம் அடி வாங்கியவர்கள் குறும்புக்காரப் பிள்ளைகள் இல்லை. ஒருத்தி, அம்மா விடியுமுன்னே களையெடுக்கப் போய்விடுவதால் தம்பி தங்கையைக் கிளப்பிவிட்டுத் தாமதமாக வருபவள். ஒருவன், பழைய நோட்டுகளில் மிச்சமிருந்த தாள்களைத் தைத்து எடுத்துவருபவன். இன்னொருவன் கரும்பலகையில் உள்ளதைத் தப்புத் தப்பாக எழுதியதற்காக முட்டி போடுவான். கண் பரிசோதனை முகாம் வந்தபோதுதான் அவனுக்குக் கிட்டப்பார்வை என்று தெரிந்தது. அதற்குள் 'மக்கு' என்று கடைசி பெஞ்சுக்கு அனுப்பியிருந்தார்கள், அங்கிருந்து பார்த்தால் பலகையே தெரியாது. பத்தாவது வரை அவன் வரவில்லை. வந்து கேட்க ஆள் இருக்கும் வீட்டுப் பிள்ளையிடம் பிரம்பு எப்போதும் யோசித்துத்தான் இறங்கும். கேட்க நாதியில்லாத பிள்ளையிடம் யோசிக்காது. இந்த ஓரவஞ்சனையைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

அந்தக் காலத்தில் இன்னும் கடுமையாக இருந்தது, அதனால் ஒழுக்கமும் இருந்தது என்று சிலர் சொல்வார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கோதண்டம் என்று ஒரு தண்டனை உண்டு: மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துப் பையன் தொங்க வேண்டும். பள்ளிக்கு வராமல் ஓடுகிற பையன் காலில் குட்டை என்ற கனமான மரக்கட்டையைச் சங்கிலியால் பூட்டிவிடுவார்கள். பிள்ளைகள் அவ்வளவு ஒழுக்கமாக இருந்திருந்தால் கட்டை எதற்கு? அடிக்குப் பயந்து ஓடினார்கள், ஓடியதால் பூட்டினார்கள்.

சரி, "அடித்தேன், அடுத்த தேர்வில் மார்க் ஏறியதே" என்கிறார்களே? ஒரு கணக்கு ஆசிரியராக எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன் ஒருமுறை இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களுக்கு வகுப்பு எடுத்தார். "பாராட்டினால் பயிற்சி விமானிகள் அடுத்த முறை மோசமாக ஓட்டுகிறார்கள், திட்டினால் நன்றாக ஓட்டுகிறார்கள்" என்றார் ஒரு மூத்த பயிற்சியாளர். கானமன் தரையில் ஒரு குறி வைத்து, திரும்பி நின்றபடி ஆளுக்கு இரண்டு நாணயம் எறியச் சொன்னார். முதல் முறை குறிக்கு மிக அருகில் எறிந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் முறை தள்ளிப்போனார்கள், வெகுதூரம் எறிந்தவர்கள் நெருங்கினார்கள். யாரும் யாரையும் திட்டவுமில்லை, பாராட்டவுமில்லை. வழக்கமாக 60 வாங்கும் பிள்ளை ஒருமுறை 35 வாங்கினால், நீங்கள் சும்மா இருந்தாலே அடுத்த முறை 60 பக்கம் வரத்தான் வாய்ப்பு அதிகம். நாம் அடிப்பதோ சரியாக அந்த 35 வந்த நாளில். ஏற்றத்துக்கான பேரைப் பிரம்பு தட்டிக்கொண்டு போகிறது. குறும்புக்கும் இதே கதைதான்: உச்சத்தில் இருக்கும்போது அடி விழுகிறது, உச்சம் எப்படியும் இறங்கும்.

"முரட்டுப் பிள்ளையைத்தானே அதிகம் அடிக்கிறார்கள், அப்புறம் அடியால்தான் முரடானான் என்று எப்படிச் சொல்வது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் பிள்ளைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் முக்கியம். வீட்டில் அடி வாங்கும் பிள்ளைகளைப் பற்றிய அப்படிப்பட்ட 69 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. காலப்போக்கில் முரட்டுத்தனமும் நடத்தைச் சிக்கல்களும் கூடுகின்றன, நன்மை எதுவும் தென்படவில்லை என்பதுதான் அதன் முடிவு.

சட்டத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாடு 2003இலேயே கல்வி விதிகளைத் திருத்திப் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துவிட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 2010 ஏப்ரல் முதல் நாடு முழுக்க உடல் தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. ஆனால் பிரம்பு உண்மையில் போய்விட்டதா? பள்ளிக்கூடங்களுக்குள் நடமாடும் யாருக்கும் தெரியும், போகவில்லை. இல்லாமல் போகாத ஒன்று இல்லாததால்தான் பிள்ளைகள் கெட்டார்கள் என்பது எப்படிச் சரியாகும்?

வீட்டுக்குள் அடிப்பதற்குத் தனியான, தெளிவான தடை நம் நாட்டில் இன்னும் இல்லை. ஸ்வீடன் 1979இல் பெற்றோரும் அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது, உலகில் அதுதான் முதல் நாடு. அப்பா அம்மாவைச் சிறையில் தள்ள அல்ல. அந்தச் செய்தியைப் பால் டப்பாக்களில் அச்சிட்டு வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். பக்கத்தில் நேபாளம் 2018இல் அதைச் செய்துவிட்டது. நம்மாலும் முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆசிரியர்கள் படும் பாட்டை நான் மறுக்கவில்லை. ஒரே அறையில் ஐம்பது பிள்ளைகள், நடுவே ஓயாத பதிவேட்டு வேலை, ஒரு பிள்ளை உடைந்துபோய் வந்தால் அனுப்பிவைக்க ஆலோசகர் இல்லை. கேட்க வேண்டியவை இவை. பிரம்பைத் திருப்பிக் கொடுத்தால் இவற்றில் ஒன்றாவது தீருமா? என் வகுப்பில் வீட்டுப்பாடத்தின் முதல் இரண்டு கணக்கை வகுப்பிலேயே போட வைத்துவிடுவேன். தாமதமாக வரும் பிள்ளையிடம் காரணத்தைத் தனியாகக் கேட்பேன். நோட்டு எழுதாத பிள்ளையை முதல் பெஞ்சுக்கு மாற்றிப் பார்ப்பேன். இதற்கெல்லாம் பெரிய பயிற்சி தேவையில்லை.

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று இன்றும் பெற்றோர் வந்து சொல்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நாளைக்கு ஒரு பெரிய மனிதர் உங்கள் பிள்ளையிடம் தப்பாக நடந்துகொண்டால், அடிக்குப் பயந்த பிள்ளை அதை வந்து உங்களிடம் சொல்லுமா? பலர் பதில் சொல்லாமல் யோசிக்கிறார்கள்.

உங்கள் பிள்ளையின் பள்ளியில் அடிக்கிறார்கள் என்றால் முதலில் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், அங்கே எழுந்து பேசுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம், பிள்ளையே கூட அழைக்கலாம்.