நோடில் முதல் வெப் சர்வர்: மீன் விலைப் பக்கத்தை வைத்துச் சில கேள்விகள்

வந்த கேள்விகள் எல்லாம் ஒரே வேலையைச் சுற்றியவை: அன்றைய மீன் விலையைக் காட்டும் சின்னப் பக்கம் ஒன்றை நோட் ஜேஎஸ்ஸில் எழுதி ஓட்டுவது. கட்டளைப் பெயர்களை இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன். கோப்பில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

தொண்டியிலிருந்து: ஜாவாஸ்கிரிப்ட் பிரவுசருக்குள் ஓடுவதுதானே? சர்வருக்குத் தனியாக அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருள் போட வேண்டுமா?

வேண்டாம். குரோமுக்குள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் எஞ்சினுக்குப் பெயர் வி8. 2009இல் ரயன் டால் அதைப் பிரவுசருக்கு வெளியே கொண்டுவந்து, கோப்பு படிக்கவும் நெட்வொர்க்கில் பேசவும் வழி செய்தார். அதுதான் நோட். நீங்கள் எழுதும் நிரலே சர்வர்.

எல்டிஎஸ் (நீண்ட காலம் பராமரிக்கப்படுவது) என்று போட்டிருக்கும் பதிப்பை நிறுவுங்கள். கோப்பின் முதல் வரியில் ‘ரெக்வயர்’ போட்டு ‘ஹெச்டிடிபி’ மாட்யூலை எடுங்கள். அது நோடுடனே வருவது, தனியாக இறக்க வேண்டியதில்லை. அடுத்து ‘கிரியேட்செர்வர்’. அதற்குள் ஒரு ஃபங்ஷன் கொடுக்க வேண்டும். யாராவது பக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் நோட் இந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டு இரண்டு பொருளைக் கையில் தரும்: வந்த கேள்வி ‘ரெக்’, நீங்கள் பதில் எழுத வேண்டியது ‘ரெஸ்’. பதிலை ‘ரெஸ்.எண்ட்’ மூலம் அனுப்புங்கள். கடைசி வரியில் ‘லிசன்’, அதற்குள் சர்வர் காத்திருக்க வேண்டிய போர்ட் எண், 3000. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:3000 என்று அடித்தால் பக்கம் வரும்.

நோடுக்கு மேல் சர்வர் எழுத உதவும் எக்ஸ்பிரஸ் என்ற தொகுப்பை இப்போதே தொடாதீர்கள். கீழே வரும் தவறுகளில் சிலவற்றை அது தானே பார்த்துக்கொள்ளும், மற்றவை அதிலும் வரும், ஆனால் எங்கே உடைந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. பத்து நாளாவது வெறும் ஹெச்டிடிபியில் எழுதுங்கள்.

ஏர்வாடியிலிருந்து: முகப்புப் பக்கம் வருகிறது. வேறு முகவரி அடித்தால் பிரவுசர் சுற்றிக்கொண்டே இருக்கிறது, எரரும் இல்லை.

அந்த வழியில் ‘ரெஸ்.எண்ட்’ இல்லை. பதில் முடிந்தது என்று நீங்கள் சொல்லாதவரை பிரவுசர் காத்துக்கொண்டே இருக்கும். ‘ரெக்.யூஆர்எல்’ எதற்கும் பொருந்தாதபோது கடைசியாக 404 (பக்கம் இல்லை என்ற குறி) கொடுத்து முடித்துவிடுங்கள். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: ‘இஃப்’புக்குள் ஒரு பதில் அனுப்பிவிட்டு, ‘ரிட்டர்ன்’ இல்லாததால் கீழே இறங்கி 404க்கான தலைப்பையும் (பதிலுக்கு முன்னால் போகும் ஹெட்டர்) எழுதப் போவது. அப்போது தலைப்புகள் ஏற்கெனவே போய்விட்டன என்ற எரர் வந்து நிரலே நின்றுவிடும்.

கீழக்கரையிலிருந்து: தமிழில் ‘நண்டு’, ‘மீன்’ என்று எழுதினால் குப்பை எழுத்தாக வருகிறது. கோப்பை யூடிஎஃப்-8இல்தான் சேமித்தேன் அண்ணே.

கோப்பு சரி, அது யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் இருப்பதைப் பிரவுசருக்குச் சொல்லவில்லை. ‘கன்டென்ட்-டைப்’ தலைப்பில் ‘டெக்ஸ்ட்/ஹெச்டிஎம்எல்; சார்செட்=யூடிஎஃப்-8’ என்று முழுதாகப் போடுங்கள்.

அந்தக் குப்பையை ஒருதரம் உற்றுப் பாருங்கள். தலையில் கோடு போட்ட சின்ன ஆங்கில ‘ஏ’ அடிக்கடி வருகிறதா? யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே. பிரவுசர் அதை மேற்கத்திய எழுத்தாகப் படித்தால் அந்த ‘ஏ’ ஆகிவிடும். ‘ம’ என்ற ஒரே எழுத்து, கோடு போட்ட ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’, மறுபடி வட்டத்துக்குள் ‘ஆர்’ என்று மூன்றாகத் தெரியும். இந்த முகத்தைப் பார்த்தாலே சார்செட் விட்டுப்போனது என்று தெரிந்துகொள்ளலாம்.

பைட் கணக்கு இன்னோர் இடத்திலும் காலை வாரும். ‘மீன்’ கண்ணுக்கு 2 எழுத்து. ஜாவாஸ்கிரிப்டில் ‘லெங்த்’ கேட்டால் 4 என்று சொல்லும்: ம, ஈகாரக் குறி, ன, புள்ளி. கம்பியில் போவதோ 12 பைட். ‘கன்டென்ட்-லெங்த்’ தலைப்பில் அந்த 4ஐப் போட்டால் பிரவுசர் 4 பைட்டோடு நிறுத்திவிடும். ‘ம’ வரும், பக்கத்தில் ஒரு கறுப்புக் கேள்விக்குறி, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் எழுத்தும் பைட்டும் ஒன்றே என்பதால் இது வெளியே தெரியாது. நீளம் தேவையென்றால் ‘பஃபர்.பைட்லெங்த்’ கேளுங்கள். இல்லையென்றால் அந்தத் தலைப்பையே விட்டுவிடுங்கள், நோட் பார்த்துக்கொள்ளும்.

பாம்பனிலிருந்து: கம்ப்யூட்டரில் பக்கம் வருகிறது. அதே வைஃபையில் இருக்கும் போனில் லோக்கல்ஹோஸ்ட்:3000 வரவில்லை.

போனில் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தப் போனையே குறிக்கும். விண்டோஸில் ‘ஐபிகான்ஃபிக்’ அடித்து, ஐபிவி4 முகவரியை எடுங்கள். பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அதோடு :3000 சேர்த்துப் போனில் அடியுங்கள். அப்போதும் வராவிட்டால் ‘லிசன்’னில் 127.0.0.1 கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கொடுத்தால் வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது. அதுவும் இல்லையென்றால் ஃபயர்வால் தடுக்கிறது.

மண்டபத்திலிருந்து: பக்கத்தின் மேலே இன்றைய தேதி காட்டுகிறேன். வீட்டில் சரியாக இருந்தது. வாடகை சர்வரில் போட்ட பிறகு, விடியுமுன் பார்த்தால் நேற்றைய தேதி. விசைப்படகுத் தடைக்கால அறிவிப்பும் ஒரு மாதம் தள்ளி வருகிறது.

இரண்டும் தனித்தனித் தவறு. வாடகை சர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். நாம் அதற்கு 5:30 மணி முன்னால் இருக்கிறோம். கரையில் அதிகாலை 4 மணி என்றால் அங்கே முந்தின நாள் இரவு 10:30. காலை 5:30 வரை நேற்றைய தேதிதான் வரும், மீன் விலை பார்க்க ஆள் வருவதோ அந்த நேரத்தில்தான். ‘டூலோக்கேல்டேட்ஸ்ட்ரிங்’ கூப்பிடும்போது ‘டைம்ஸோன்’ என்பதற்கு ‘ஏசியா/கொல்கத்தா’ கொடுங்கள். கையால் ஐந்தரை மணி கூட்டாதீர்கள். சொந்தக் கம்ப்யூட்டரில் ஓட்டும்போது இரண்டு தரம் கூடிவிடும்.

அடுத்தது மாதம். ‘நியூ டேட்’டுக்கு எண்களாகக் கொடுத்தால் ஜனவரி 0. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை என்றால், ஏப்ரலுக்கு 3, ஜூனுக்கு 5. நாள் மட்டும் 1இலிருந்தே தொடங்கும். 4, 6 என்று எழுதியதால் உங்கள் அறிவிப்பு மே 15க்கு வந்தது. தடைக்காலத்தில் பக்கத்தையே மூடிவிடாதீர்கள், நாட்டுப்படகு மீன் வந்துகொண்டுதான் இருக்கும்.

தங்கச்சிமடத்திலிருந்து: கரண்ட் போய் வந்தால் ஏற்றி வைத்த விலையெல்லாம் காணோம். மறுபடி ஓட்டினால் ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’ என்று சில சமயம் வருகிறது.

வேரியபிளில் வைத்தது மெமரியில் இருப்பது, நிரல் நின்றால் போய்விடும். விலை மாறும்போதெல்லாம் ஒரு ஜேசான் கோப்பில் (தரவை எழுத்தாகச் சேமிக்கும் வடிவம்) எழுதுங்கள். தொடங்கும்போது அதைப் படியுங்கள். நேராக அதே கோப்பின் மேல் எழுதினால், பாதியில் கரண்ட் போகும்போது கோப்பும் பாதியாகிவிடும். வேறு பெயரில் எழுதி முடித்துவிட்டு ‘ரீநேம்’ செய்யுங்கள்.

அந்த எரருக்கும் கரண்டுக்கும் சம்பந்தமில்லை. வேறொரு டெர்மினலில் பழைய நிரல் இன்னும் 3000ஐப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அங்கே போய் கண்ட்ரோல்+சி அழுத்துங்கள்.

சாயல்குடியிலிருந்து: மீன் படங்களைக் காட்ட, ‘ரெக்.யூஆர்எல்’லை அப்படியே ஃபோல்டர் பெயரோடு ஒட்டிக் கோப்பைப் படிக்கிறேன். வேலை செய்கிறது. சரிதானே?

உடனே மாற்றுங்கள். முகவரியில் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடுமாக அடுக்கி அனுப்பினால் படங்கள் ஃபோல்டரை விட்டு மேலேறி, சர்வரில் இருக்கும் மற்றக் கோப்புகளையும் எடுத்துவிடலாம். பிரவுசர் அந்தப் புள்ளிகளைத் தானே சுருக்கிவிடுவதால் உங்கள் சோதனையில் தெரியாது. டெர்மினலில் ஓடும் கர்ல் என்ற கருவியில் ‘பாத்-ஆஸ்-இஸ்’ என்ற ஆப்ஷன் கொடுத்தால் அப்படியே போகும். சீலா, நண்டு, இறால், கணவாய் என்று உங்களிடம் இருப்பது பத்து இருபது படம்தானே? பெயர்களை நிரலுக்குள் ஒரு பட்டியலாக எழுதி, கேட்ட பெயர் அதில் இருந்தால் மட்டும் கோப்பைத் திறங்கள். இல்லையென்றால் 404. முகவரியில் தமிழ்ப் பெயர் வந்தால் சதவீதக் குறிகளாக மாறித்தான் வரும். முதலில் ‘டீகோட்யூஆர்ஐகாம்பொனன்ட்’டில் போட்டு எடுத்துவிட்டுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். யாராவது அரைகுறையாகச் சதவீதக் குறி அனுப்பினால் அந்த ஃபங்ஷன் எரர் வீசி சர்வரையே நிறுத்திவிடும், அதனால் அந்த வரியை ‘ட்ரை, கேட்ச்’சுக்குள் வையுங்கள். பிடிபட்டால் 400 (கேள்வியே தவறு என்ற குறி) அனுப்புங்கள்.